இரண்டு கையாலும் வாங்கிய போத்தல்

அந்தப் போத்தலை நான் இரண்டு கையாலும் வாங்கினேன். வீட்டுக்கு வந்த மனிதர் எழுந்து நின்று, குனிந்து, ஒரு பொருளை நீட்டினால் எங்கள் ஆட்கள் வேறு என்ன செய்வார்கள்? "ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாங்கத்தானே வேண்டும்! நானும் அப்படியே சொல்லி வாங்கி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி அருகே வைத்தேன்.

பச்சைக் கண்ணாடியில் சதுரப் போத்தல். உள்ளே ஜின். ஹீட்டர் சூட்டில் அறை முழுக்கத் தக்காளியும் கருவாடும் கொதித்த வாசனை. சோபாவில் மூன்று ஆண்கள், கோட்டுக்கு மேலே பெரிய வேட்டி போன்ற துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு. கீழே லோரன்ஸ் வீதியில் பஸ் ஒன்று சேற்றுப் பனியை வாரியடித்துக்கொண்டு போனது.

நான் திரும்பினேன். மூன்று பேரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் பூட்டியிருந்த படுக்கையறைக்குள் இருந்து ஓர் அலறல்.

"வாங்காத! வாங்கிப்போடாத கா!"

அது எஃபுவாவின் குரல். வீடும் அவளுடையதுதான். அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்று பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் அந்த மூன்று பேருக்கும் நான் பொய் சொல்லியிருந்தேன். பொய்யும் போச்சு, போத்தலும் வந்தாச்சு.

போன வாரம் இந்தப் பத்தியில் என்னுடைய முதல் பனிச் சப்பாத்தைப் பற்றி எழுதியதற்கு, மார்க்கம் நகரில் இருந்து ஒரு அண்ணை கடிதம் போட்டிருக்கிறார். "சப்பாத்தெல்லாம் ஒரு விசயமா தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் அரசுரிமை. போதுமா அண்ணை?

துணி மடிக்கும் மேசை

எஃபுவாவும் நானும் ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவைப் பகுதியில் ஒன்றாக வேலை செய்தோம். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்பு. இரண்டு நுனி அவள் பிடிப்பாள், இரண்டு நுனி நான். கிட்ட வந்து நுனிகளைச் சேர்ப்போம், விலகுவோம், மறுபடி கிட்ட வருவோம். அப்படி எட்டு வருடம்.

அவள் கானாக்காரி. நான் மட்டக்களப்புப் பக்கம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டிதான். அவள் சொன்னதை எல்லாம் இங்கே நான் என் ஊர்த் தமிழில், பெண்களை அழைக்கும் 'கா'வும் சேர்த்து, எழுதுகிறேன். அவள் எனக்குள்ளே பேசுவது இன்றைக்கும் அந்தத் தமிழில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஊரில் என் தங்கச்சி இல்லாமல் போனாள் என்று செய்தி வந்தது. எப்படி என்று இப்போது எழுத மாட்டேன். மேற்பார்வையாளரிடம் லீவு கேட்கப் போனேன். வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற எஃபுவா சொன்னாள்: "எங்கட தங்கச்சி செத்துப்போனா. எங்க ரெண்டு பேருக்கும் லீவு வேணும்."

அந்த மனிதர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் லீவு கிடைத்தது. மூன்று நாள் என் வீட்டில் இருந்து என் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் "இவ என்ட சகோதரி" என்றுதான் என்னைக் காட்டுவாள். அவர்களுடைய ஆட்களின் கோடை ஒன்றுகூடலிலும், பூங்காவில் அத்தனை பேருக்கும் முன்னால், ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனம் மட்டும் குளிர்ந்துபோய் இருந்தது.

அவளுடைய மகன் கோஃபி என்னை "மம்மி" என்பான். அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது. பகலில் கூரியர் வான் ஓட்டுவான், பின்னேரத்தில் கொலிஜ் போவான். தாயோடு பிறந்தவளும் தாய்தானாம், அவர்கள் முறையில்.

தாய்வழி

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிவம் சிரித்தார். அவர் யாழ்ப்பாணம். "மட்டக்களப்பையும் ஆபிரிக்காவையும் கடவுள் ஒரே நாளில படைச்சிருக்கிறார்" என்று நக்கல் வேறு.

அவர் சிரித்தாலும் விசயம் உண்மை. எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலமுறை தாய்வழியாக வரும். என் அம்மாவின் தமையன் கோயில் வண்ணக்கராக, அதாவது கோயிலை நடத்தும் பொறுப்பாளராக, இருந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு அவருடைய மகனுக்கு வரவில்லை. என் அண்ணனுக்குத்தான் வந்தது. என் மச்சான் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு திருவிழா முழுக்க வீட்டுக்குள் இருந்தார்.

எஃபுவாவின் ஊரிலும் அதே கதை, கோயிலுக்குப் பதிலாக அரசு. அங்கே கிரீடம் கிடையாது. செதுக்கிய ஒரு மரப்பீடம். அதில் இருக்கிறவன்தான் அரசன். அவனுக்குப் பிறகு சகோதரியின் மகன். யார் என்று பெயர் சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்குத்தான். தாயரசி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃபுவாவின் பெரியம்மா அந்த இடத்தில் இருந்தார்.

எஃபுவாவுக்கு ஒரே ஒரு தமையன். அவர் அந்தப் பீடத்தில் இருந்தார். பன்னிரண்டாம் வருடத்தில், ஒரு விருந்து முடிந்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. அவருக்கு முன்னர் இருந்த மாமாவும் அப்படித்தான். நெஞ்சு வலி என்றார்கள் சிலர். எஃபுவா நம்பவில்லை. தமையன் பீடம் ஏறிய வருடமே பதினொரு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கனடாவுக்கு ஓடிவந்தவள் அவள். அடுத்த முறை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று தெரு, மூன்று பெயர்

அந்த ஊரில் மூன்று சனம், மூன்று தெரு. பீடத்துக்குச் சொந்தமான மலைச் சனம் ஒரு தெரு. கடலேரியில் மீன் பிடிக்கிறவர்கள் ஒரு தெரு. வடக்கில் இருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கிய முஸ்லிம்கள் ஒரு தெரு. மூன்று பாசை. மூன்று தெருப் பெரியவர்களும் சம்மதித்தால்தான் அரசன்.

தாயரசி மூன்று பெயர்தான் சொல்லலாம். முதல் பெயரைக் கடலேரித் தெரு மறுத்தது. இரண்டாவதை வடக்குத் தெரு மறுத்தது. மூன்றாவதும் விழுந்தால் அவருடைய உரிமை போய்விடும். பிறகு தெருவுக்கு ஓர் ஆளை அவரவர் தூக்குவார்கள். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

கோஃபியின் தகப்பன் வடக்குத் தெருக்காரர். லொறி ஓட்டியவர், இறந்துவிட்டார். தாய்வழியில் கோஃபி பீடத்துக்கு உரியவன், தகப்பன் வழியில் வடக்குத் தெருப் பிள்ளை. கடலேரிக்காரருக்கும் அவன்மேல் குறை இல்லை. ஆகவே மூன்றாவது பெயர் கோஃபி.

தாயரசி தொலைபேசியில் இதைச் சொன்ன மறுநாள், எஃபுவா விரிப்பின் நுனியைப் பிடித்தபடியே நின்றாள். மடிக்கவில்லை.

"பீடத்தில இருத்தினா திரும்பி வர ஏலாது கா. அவன்ட பேரையும் மாத்திப்போடுவாங்க. நான் பெத்தவன என்னையே குனிஞ்சு கும்பிடச் சொல்லுவாங்க. மறுகா ஒரு நாள் போன் வரும், நெஞ்சு வலியெண்டு."

"அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

"அவனட்ட ஆர் கேப்பாங்க? ஆசையெண்டு வாய் திறந்தா அவனுக்குக் கிடைக்காது. மாட்டனெண்டு சொல்ற உரிமையும் அவனுக்கில்ல. குடுக்கிறது தாய் வீடு."

தண்ணீர் மட்டும் கொடு

சனிக்கிழமை பின்னேரம், இங்கே குடியேறிய அவர்களுடைய ஆட்களில் மூன்று பெரியவர்கள் பெண் கேட்டு வருகிற மாதிரி அவனைக் கேட்டு வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. எஃபுவா கோஃபியை விட்பியில் ஒரு கூட்டாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

"கதவத் திற. தண்ணி குடு. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காட்டிப் பெரிய பழி. நான் வேலைக்குப் போயிட்டனெண்டு சொல்லு. வீட்டாள் இல்லாட்டி அவங்க வந்த விசயத்தச் சொல்ல ஏலாது, எழும்பிப் போயிருவாங்க."

போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. தாம்பூலம் மாற்றினால் கலியாணம் முற்றாகிவிட்டது என்று நான் அவளுக்கு எப்போதாவது சொல்லித் தந்தேனா? அதுபோலத்தான்.

என் வீட்டுக்காரர் மட்டும் எச்சரித்தார். "உனக்கு என்னத்துக்கு உந்த வேலை? அவையின்ரை ராசா விசயத்துக்குள்ள நீ ஏன் தலையைக் குடுக்கிறாய்?" நான் காதில் போடவில்லை. அந்த மனிதர் சரியாகச் சொன்ன மிகச் சில இடங்களில் அது ஒன்று.

வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். மூத்தவர் மிஸ்டர் அன்சா. கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கு அரண்மனைப் பேச்சாளர். "நீங்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் எஃபுவாவின் சகோதரி" என்றேன். எட்டு வருடப் பழக்கம், வாயில் தானாக வந்தது.

அவருடைய முகம் மலர்ந்தது. எழுந்தார். "தாயரசியின் வீட்டில் இருந்து வருகிறோம். இது அவர் சொன்ன பெயரோடு வருகிறது" என்று போத்தலை நீட்டினார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

வாயால் வந்தவள்

எஃபுவா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை.

"செல்லாது! அவளுக்கு ஒண்டும் தெரியாது. அவ சிறிலங்காக்காரி!"

அன்சா கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பூங்காவில் நூறு பேருக்கு முன்னால் இவரை யார் என்று சொன்னாய்?" என்று கேட்டார்.



அவர் என் பக்கம் திரும்பி விளக்கினார். அவர்கள் ஊரில் பாதிப் பேர் வெளியில் இருந்து வந்தவர்கள். பீடக் குடும்பத்தார் ஒருவரை எல்லோர் முன்னாலும் சகோதரம் என்று அழைத்து, அவரும் அந்த வீட்டில் இருந்து விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்து, "ஓம், நான் சகோதரம்" என்று சொல்லிவிட்டால் அது இரத்தம் மாதிரித்தான். வடக்குத் தெரு முழுக்க அப்படி உள்ளே வந்தவர்கள். அழைத்தவர் பிறகு அவரை வெளியே தள்ள முடியாது. தாயின் சகோதரி வாங்கினால் தாய் வாங்கியதுதான்.

சோபாவின் ஓரத்தில் இருந்த மெலிந்த கிழவர் அப்போதுதான் வாய் திறந்தார். வடக்குத் தெருக்காரர். "இன்றைக்கு எஃபுவா உங்களைத் தள்ளினால், நாளைக்கு எங்களையும் அதே வாயால் தள்ளலாம் என்றுதானே அர்த்தம்? என் பாட்டனார் காலத்தில் இருந்து நாங்கள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இருக்கிறோம்."

எஃபுவாவால் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு விளங்கியது.

"அப்ப வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

அன்சா கொஞ்சம் தயங்கினார். நேர்மையான மனிதர், மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. "வந்தவர் தானாக வெளியே போகலாம். மூன்று தரம் சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் வாங்கியது வாங்கினதாக ஆகாது. ஆனால் போனவர் திரும்பி வர முடியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஃபுவா மட்டும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னிடம் கேட்கக் கூடாதாம். ஒரு கண் சாடை காட்டினாலும் அவள் தள்ளியதாக ஆகிவிடும்.

ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு மனம் முறிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரு வேலிக்கு இரண்டு பக்கம் இருந்து கறி மாற்றிச் சாப்பிட்டவர்கள். பிறகு நடந்ததில் என் வீட்டில் ஒருத்தி இல்லை, அடுத்த வீட்டில் மூன்று பேர் இல்லை. அப்படி ஓர் ஊரை ஒரு பொடியன் போய் இருந்து காப்பாற்றலாம் என்று இவர்கள் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, சத்தியமாக நம்புகிறார்கள்.

"உங்கட மகனா இருந்தா அனுப்புவீங்களா?" என்று அன்சாவிடம் கேட்டேன்.

"அனுப்புவேன்" என்றார். பிறகு, "அழுதுகொண்டு அனுப்புவேன்" என்றார்.

அவர் வேறு பதில் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பாவி மனிதர்! எஃபுவாவின் காலைப் பார்த்தேன். சலவை அறை ஈரத்தில் வெடித்த பாதம், என்னுடையது போலவே. இந்தப் பாதத்தோடு பதின்மூன்று வருடம் ஓடி ஒளித்து வைத்த பிள்ளையை, "ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்று சிரித்துக்கொண்டு நான் கொடுத்துவிட்டேன். அந்த ஊரை நான் கண்டதில்லை. அவளை எட்டு வருடம் கண்டிருக்கிறேன்.

போத்தலை எடுத்து வந்து அன்சாவின் முன்னால் வைத்தேன்.

"நான் இவவின் சகோதரி இல்லை."

சத்தம் மெல்லத்தான் வந்தது. அடுத்த தரம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லச் சொன்னார் அன்சா.

"நான் இவவின் சகோதரி இல்லை. ஒரு இடத்தில வேலை செய்யிறம், அவ்வளவுதான்."

மூன்றாம் தரமும் சொல்ல வேண்டும். என் தங்கச்சிக்காக லீவு கேட்ட வாய் பக்கத்தில் நிற்க, நான் இதைச் சொல்கிறேன். சொன்னேன். சொல்லி முடித்தேன்.

அன்சா போத்தலைத் துணிக்குள் சுற்றினார். வடக்குத் தெருக் கிழவர் பாதி குடித்த தண்ணீர்க் கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். என்னை அவர் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நித்திரை வராது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பீடம் மூன்று வருடத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. சந்தை இரண்டு தரம் எரிந்தது. ஆட்கள் செத்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. கோஃபி இப்போது விட்பியில் வீடு வாங்கி, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறான். கண்டால் எழுந்து நிற்பான். "ஹலோ அன்ரி" என்பான்.

அன்றைக்கு அவர்கள் லிஃப்டுக்குள் போகும் சத்தம் கேட்டதும் எஃபுவா கதவைப் பூட்டிச் சங்கிலியையும் போட்டாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அவள் திரும்பினாள், முகத்தைத் துடைத்தாள், நேராக நின்றாள்.

எட்டு வருடத்தில் அவளும் நானும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னதே கிடையாது. ஒரே வீட்டு ஆட்கள் அதைச் சொல்வதில்லை, அவர்கள் ஊரிலும் சரி, எங்கள் ஊரிலும் சரி.

"நன்றி, மிஸிஸ் சிவம்" என்றாள்.